வாசல்படியிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து விமான டிக்கெட் முகவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெரியவர்களிடம் பயண நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, சர்க்கரை நோயாளி. கோடையில் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். டிக்கெட்டில் சென்னைப் புறப்பாடு அதிகாலை 4 மணி, போய்ச் சேர்வது அதே நாள் பிற்பகல் 2 மணி. "பத்து மணி நேரம்தான் ஆச்சி" என்றார் முகவர். ஆச்சியும் ஒரு வேளைக்கான மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியைச் சீடை டின்னுக்கும் தேன்குழல் டின்னுக்கும் நடுவே பெரிய பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டார். அந்தப் பெட்டி விமானத்தின் அடிவயிற்றில் போனது. பெட்டி கைக்கு வரும்வரை அவருக்கு மாத்திரை இல்லை. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். கோடையில் சான்பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அதையும் கூட்டினால் ஆச்சியின் பயணம் இருபத்திரண்டரை மணி நேரம். துபாய் வழியாகப் போனால், சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோ 13,000 கிலோமீட்டர், பதினாறு மணி நேரத்தை ஒட்டி வரும். நடுவில் விமானம் மாறும் காத்திருப்பு வேறு. சென்னையிலிருந்து நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர்தான் என்றாலும், துபாய் வழியாகப் போகிறவர் 16,000 பறந்தாக வேண்டும்.

இதோடு காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நானூறு கிலோமீட்டர் சாலைப் பயணம், மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் நிற்பது, இறங்கியபின் குடிநுழைவு வரிசை. வீட்டு வாசல் தாண்டியதிலிருந்து மகள் வீட்டு வாசல்வரை ஒன்றரை நாள் ஆகிவிடும்.

நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போன காலத்தில், கடலில் எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டுதான் நம்மவர்கள் பயணம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தத் தெளிவு இன்றைக்கு எழுபது வயதில் தனியாகப் பறக்கும் ஒருவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஆகவே, டிக்கெட்டோடு ஒரு தாள் கொடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். பறக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், மொத்த நேரம், எல்லாம் நம்மூர்க் கடிகாரப்படி இருக்கட்டும். சக்கர நாற்காலி வேண்டுமா என்று டிக்கெட் போடும்போதே நீங்களே கேளுங்கள். பலர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது, அங்கே திங்கட்கிழமை மதியத்துக்குமேல் ஏறுகிறவர் சென்னையில் இறங்குவது புதன்கிழமை என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அழைத்துவர வண்டி அனுப்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகப் போய்க் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்