லேசரும் ஒற்றை ஃபோட்டானும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குவாண்டம் என்றாலே செய்திகள் கணினியோடு நின்றுவிடுகின்றன, ஒளியைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். "லேசரும் ஒளி, ஒற்றை ஃபோட்டானும் ஒளி, அப்புறம் என்ன வித்தியாசம் மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஃபோட்டான் என்பது ஒளியின் ஒரு துகள்; லேசர் கற்றையில் அவை ஏராளம்.

ஒளியைக் குழாய்போல் வழிநடத்தும், முடியைவிட மெல்லிய அலைவழி ஒன்றில் ஒரே ஒரு அணு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி எங்கும் விலகிப் போக முடியாது இல்லையா, அதுபோல ஒளியும் அந்த அணுவைச் சந்தித்தே ஆகவேண்டும். அணுவுக்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒற்றை ஃபோட்டான் வந்தால், இழப்பு எதுவும் இல்லாதபட்சத்தில், வந்த வழியே திரும்பிவிடும். ஓர் அணுவே கண்ணாடியாகிவிடுகிறது! இரண்டு சேர்ந்து வந்தால் கதையே வேறு. அணுவால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் விழுங்க முடியும், அதனால் வெளியேறும்போது அவை ஒன்றோடொன்று தொடர்புபட்டே வருகின்றன. லேசரின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அணு திணறி, பெரும்பகுதி ஒளி நேரே கடந்துவிடும்.

ஒளியின் இந்த நிலைகளைக் கணக்கில் எழுத 1963-இல் வழிகாட்டியவர்கள் அமெரிக்க இயற்பியலாளர் ராய் கிளாபரும், கேரளத்தில் பிறந்த நம் இயற்பியலாளர் சுதர்சனும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர் சுதர்சன். 2005 நோபல் பரிசு கிளாபருக்குக் கிடைத்தது, சுதர்சனுக்கு இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவரைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்