இசைக்கருவிகள் யாருக்குச் சேரவேண்டும் என்பதையும் எழுதிவைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாராக இருந்த என் தந்தையார் காலமானபோது எங்கள் வீட்டில் இரண்டு மத்தளங்களும் மூன்று சோடிச் சல்லரிகளும் ஓர் உடுக்கும் ஓர் ஆர்மோனியமும் இருந்தன. எதை யாருக்குக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை; உயிரோடிருப்பவரிடம் அதைக் கேட்பது முறையன்று என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஓராண்டுக்குள் ஆர்மோனியம் பழைய சாமான் வாங்குபவரிடம் போயிற்று. கோயிலொன்றுக்கு நாங்கள் மனமுவந்து கொடுத்த மத்தளம், அடிப்பாரின்றிக் களஞ்சிய அறையில் தோல் பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததைப் பின்னர் கண்டபோது என்னால் அங்கு நிற்க முடியவில்லை.

இன்று எனக்கும் எழுபது வயது கடந்துவிட்டது. என்னிடமும் ஒன்பது கருவிகள் உள்ளன. காணிக்கும் வீட்டுக்கும் உறுதி எழுதும் நாம் இவற்றை மறந்துவிடுகிறோம். நமது இலங்கைச் சட்டப்படி மரணசாசனத்தை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ ஒப்பமிட்டு நிறைவேற்றலாம். அதில் கருவிகளுக்கென ஒரு பந்தி சேர்ப்பது பெரிய காரியமன்று. ஆனால் பெறுபவரை முன்னரே கேட்டு, அவர் சம்மதத்துடன் எழுதவேண்டும். கேளாமல் கொடுத்த கருவி பெரும்பாலும் பரணுக்கே போகிறது.

வாசிக்கக்கூடியதை வாசிப்பவருக்கே கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கடற்காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊரில் தோற்கருவி கையில் இருந்தால்தான் அதன் தோலின் தளர்வும் வாரின் இளக்கமும் உடனுக்குடன் தெரியும். வீணையின் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு வெயிலில் இளகுவதும் நாளும் அதை மடியில் வைப்பவருக்கே தெரியும். பழுதுபார்க்க முடியாத பழையவற்றை மட்டும் காட்சிக்கும் ஆய்வுக்கும் நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம். ஒவ்வொன்றுடனும், செய்தவர் யார், எந்த மரம், தோல் எப்போது மாற்றப்பட்டது, எந்தக் கூத்துக்கு அடிக்கப்பட்டது என்னும் விபரங்களை எழுதி வைப்பது அவசியம். என் தந்தையாரின் மத்தளம் எந்த ஊர்த் தச்சர் கடைந்தது என்பதை இன்று கேட்டறிய எவரும் இல்லை.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்திலிருந்தும் அதன் உரைகளிலிருந்தும் மீட்டறிய நெடுங்காலம் உழைத்து, 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்த சில வாரங்களில் மறைந்தார். கருவி ஒன்றேனும் எஞ்சியிருந்தால் அந்த உழைப்பு எவ்வளவு எளிதாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஆகவே, கல்லடியில் அவர் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகமும் பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவுகளும், மூத்த கலைஞர்கள் தம் கருவிகளின் பட்டியலை வாழுங்காலத்திலேயே பதிவதற்கு ஒரு படிவத்தைத் தயாரித்து, அவற்றைப் பெற்று வாசிக்க விரும்பும் மாணவர்களின் பெயர்களையும் சேர்த்து வைக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அப்படியொரு படிவம் வருமாயின் என் ஒன்பது கருவிகளையும் முதலில் பதிவுசெய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர்,
மட்டக்களப்பு.