லாக்கரிலிருந்து நகைகளை எடுப்பதற்கு முன்

சென்னை,
10-11-2025

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தை மாதம் மகளுக்குத் திருமணம் என்று படித்ததும் வீட்டில் அனைவருக்கும் பெருமகிழ்ச்சி. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே நகைகளை வங்கி லாக்கரிலிருந்து எடுத்து வந்துவிடப்போவதாகவும், வீட்டுக் கடனோடு எடுத்த காப்பீடு இருப்பதால் கவலையில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகவே உடனே பதில் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அதே நம்பிக்கையில்தான் இருந்தோம். குலதெய்வக் கோயிலுக்குச் சென்று திரும்பிய இரவு வாசற்கதவின் பூட்டு உடைந்து கிடந்தது. பீரோவிலிருந்த அம்மாவின் காசுமாலையும் இரண்டு ஜோடி வளையல்களும் போயிருந்தன. காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. பாலிசியை அன்றுதான் முதன்முறையாக முழுவதும் படித்தேன். அம்மாவின் கழுத்தில் நாற்பது ஆண்டுகள் கிடந்த மாலை அது. பணம் வந்திருந்தாலும் அது திரும்பியிராது, ஆனால் பேத்திக்கு அதே வார்ப்பில் ஒன்று செய்து போட்டிருக்கலாமே என்ற வருத்தம் இன்றும் தீரவில்லை.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில், கட்டடத்தைக் காப்பீடு செய்தால் வீட்டுப் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே காப்பீடு கிடைக்கும். கட்டில், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி போன்றவைதாம் அந்தக் கணக்கில் வரும். நகை, வெள்ளிப் பாத்திரம், தஞ்சாவூர் ஓவியம் ஆகியவற்றை நாமே கேட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். திருட்டைப் பொறுத்தவரையிலும், தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாள்களுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

தனியாகச் சேர்க்கும்போது ஒவ்வொரு நகைக்கும் இன்ன மதிப்பு என்று நீயும் நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்வீர்கள். ஒரு பொருள் ஒரு லட்சத்துக்கும், மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் உட்பட்டிருந்தால் மதிப்பீட்டாளரின் சான்று தேவையில்லை. கல்யாண நகைகள் அதற்குள் நிற்கமாட்டா. கல் பதித்த அட்டிகையில் கல்லின் எடையையும் தங்கத்தின் எடையையும் பிரித்து எழுதச் சொல். புதிதாக வாங்கியவற்றில் ஹால்மார்க் முத்திரையோடு உள்ள ஆறு இலக்க அடையாளக் குறியீட்டையும் குறித்துக்கொள். 2020 ஆகஸ்டில் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியபோதே மலைத்தோம். 2025 ஜனவரியில் அது 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆகவே பழைய ரசீதில் உள்ள விலையை அப்படியே எழுதிவிடாதே.

எனக்கு மிகவும் கவலை தருவது திருமண மண்டபம்தான். வீட்டுப் பாலிசி பொதுவாக அதில் குறித்த முகவரிக்குள் இருக்கும் பொருளையே காக்கும். நகைகளோ மூன்று நாள் காரிலும், மண்டபத்து அறையிலும், மணப்பெண்ணின் கழுத்திலும் இருக்கப்போகின்றன. அறைச் சாவி எத்தனை கை மாறும் என்பது கல்யாணம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வெளியேயும் செல்லுபடியாகும் 'ஆல் ரிஸ்க்' காப்பீட்டைக் கேள். வழியில் பறிபோனாலும், ஆளில்லாத அறையிலிருந்து காணாமற்போனாலும் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். உன் தங்கை கச்சேரிக்குக் கொண்டுசெல்லும் வீணைக்கும் இந்த வகைதான் பொருந்தும்.

திருமணம் முடிந்ததும் எல்லாம் மீண்டும் லாக்கருக்குப் போய்விடும் என்று நினைப்பாய். 2022 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ விபத்தோ கொள்ளையோ ஊழியரின் மோசடியோ நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். இன்றைய விலையில் ஐந்து சவரன்கூட வராது. வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதபட்சத்தில், அதுவும் இல்லை. ஆகையால் லாக்கரில் இருக்கும் காலத்துக்கும் சேர்த்தே பாலிசியைக் கேள்.

இந்த வாரமே உன் பாலிசியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. பிற்பாடு எங்கள் நகைகளை மதிப்பிட்டுக் கொடுத்த பெரியவர் நிதானமாகப் பார்ப்பவர். கார்த்திகையில் நான் ஊருக்கு வரும்போது அவரையும் அழைத்து வருகிறேன். அதுவரை லாக்கரைத் திறக்காதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்