அப்பாவுக்கு அனுப்பிய மைதானம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பயிற்சி கொடுக்கும் கால்பந்து அணியில் ஆடும் அந்த ஒன்பது வயதுப் பையனின் அப்பா ஜெயிலுக்குப் போய் இரண்டு மாதம் என்றாய். பயிற்சிக்கு வந்தாலும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருக்கிறானாம். அவன் அம்மாவோ, இனிமேல் அனுப்ப முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். "அவங்ககிட்ட என்னம்மா பேசுறது?" என்று கேட்டாய்.

கண்ணு, ஒரு காலத்தில் நான்தான் அந்த அம்மா. உன் எட்டு வயதில் அப்பா உள்ளே போனபோது நான் முதலில் நிறுத்த நினைத்தது உன் கால்பந்தைத்தான். சம்பாதிக்கிற ஆள் இல்லை, வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும், மனு போட்டுப் பார்த்து வர பஸ் செலவு வேறு. ஆனால் பணத்தைவிட அந்தப் பெஞ்சுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மைதான ஓரத்தில் மற்ற பெற்றோர் உட்கார்ந்திருப்பார்களே, அந்தப் பெஞ்சு. நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடுமோ என்று நினைத்தாலே கால் நகராது. அதனால் அந்த அம்மா "அனுப்ப முடியாது" என்றால், "அங்கே வந்து நிற்க எனக்கு முகமில்லை" என்றும் சேர்த்தே கேட்டுக்கொள்.

உன் கோச் அன்று என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். பாப்பா எப்படி வந்து போவாள்? அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? என்ன வழக்கு, எத்தனை வருஷம் என்றெல்லாம் கடைசி வரைக்கும் கேட்கவே இல்லை. முதல் கேள்விக்கு அவரே வழி செய்தார். உன்னோடு ஆடிய ஒரு பெண்ணின் அம்மா போகிற வழியில் உன்னையும் ஏற்றிக்கொண்டார். அந்த அம்மாதான் பிறகு பெஞ்சில் தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்தார். இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று உன்னிடம் பொய் சொல்லியிருந்தேன். அன்று ராத்திரி உண்மையைச் சொன்னேன். அப்பா ஒரு தப்பு செய்தார், அதற்காக ஜெயிலில் இருக்கிறார், இதில் உன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றேன். நீ ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ சனிக்கிழமை மேட்ச்சுக்கு வர மாட்டாரா?" என்று கேட்டாய்.

அப்புறம் ஜெயிலிலிருந்து அப்பா பேசும் அந்தப் போன் பேச்சு. கிடைப்பது பத்து நிமிஷம். நான் வழக்கைப் பற்றிப் பேசி அழுவேன், அவர் சமாதானம் சொல்லுவார், உன் முறை வரும்போது "நல்லா இருக்கேன்பா" என்பதோடு முடிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளை ஜெயிலில் இருக்கிற அப்பாவிடம் வேறு என்னதான் பேசும்? மேட்ச் ஆரம்பித்ததும் அது மாறியது. யார் பந்தை விட்டது, யார் தடுத்தது என்று நீ மூச்சு விடாமல் சொல்லச் சொல்ல, எனக்கு மிஞ்சியது கடைசி அரை நிமிஷம்தான். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன் போதவில்லை என்று நீ படம் வரைந்து அனுப்ப ஆரம்பித்தாய். நோட்டுத் தாளில் பென்சிலால் மைதானம், ஆட்களுக்கு வட்டம், பந்து போன வழிக்கு அம்புக்குறி. அப்பா அதே தாளில் நீல மையால் வேறு அம்புகள் போட்டுத் திருப்பி அனுப்புவார். 'நீ இங்கே நின்றிருந்தால்?' என்று ஓரத்தில் எழுதியிருப்பார். தணிக்கை முத்திரை சரியாகப் பெனால்டி கட்டத்தின் மேல் விழுந்த ஒரு தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஒரு மேட்ச்சைக்கூட நேரில் பார்க்காத மனுஷனுக்கு உன் அணியில் எல்லாருடைய இடமும் அத்துப்படி.

எல்லாம் நன்றாகவே போனது என்று சொல்ல மாட்டேன். எதிரணியில் ஒருத்தி அப்பாவைச் சொல்லித் திட்டியதும் நீ அவளைப் பிடித்துத் தள்ளி, சிவப்பு அட்டை வாங்கி வெளியே வந்தாயே. கோச் அடுத்த மேட்ச்சில் உன்னை உட்கார வைத்தார், விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அன்றைய பயிற்சிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார், பந்துப் பையின் பொறுப்பையும் உன்னிடம் கொடுத்தார். இரக்கப்பட்டுச் சும்மா விட்டிருந்தால் நீ இன்னும் ஒடிந்துபோயிருப்பாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீ அனுப்பிய ஆய்வை மூன்று தடவை படித்தேன். 2019-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பெற்றோர் சிறைக்குப் போனது உட்பட, சிறு வயதில் பலவகைக் கஷ்டம் பார்த்த ஏறத்தாழ 4,900 பேரில், பள்ளிப் பருவத்தில் அணியாக விளையாடியவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாம். விளையாட்டுதான் காரணம் என்று அது அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இரு. பார்க்கப் போகிற நாளும் மேட்ச்சும் ஒரே நாளில் வந்தால் அவன் அப்பாவைப் பார்க்கப் போகட்டும். அதற்காக அணியில் அவன் இடம் போகக் கூடாது. 1989-இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, பிரிந்திருக்கும் பெற்றோரோடு குழந்தைக்குத் தொடர்ந்து உறவும் நேரடித் தொடர்பும் வேண்டும் என்கிறது. 31-ஆவது பிரிவு விளையாட்டையும் உரிமை என்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஏன் பறிக்க வேண்டும்? இத்தாலியில் 'கம்பிகள் இல்லாத குழந்தைகள்' என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு, 2015-இலிருந்து சிறைக்குள்ளேயே பிள்ளைகளையும் அப்பாக்களையும் சேர்த்துக் கால்பந்து ஆட வைக்கிறது. அதைப் படித்த அன்று உன் அப்பா வெகுநேரம் பேசவே இல்லை.

அவர் வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளி மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போனீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் நீ பந்தை எடுத்து வந்து அவர் காலடியில் உருட்டிவிட்டாய்.

சரி, அந்த அம்மாவை நீயே நேரில் போய்ப் பார். அந்த இரண்டு கேள்வியை மட்டும் கேள். மற்ற பிள்ளைகள் முன்னால் எதையும் பேசாதே. பையனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடு, வரைந்தால் வரையட்டும், இல்லையென்றால் விட்டுவிடு.

இதை எழுதும்போது அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். அந்தப் பையன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று கேட்கிறார். மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா