செயலாளர் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவையும் மைதானப் பராமரிப்புக் கணக்கையும் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. அவற்றில் நாம் தொடர்ந்து பேசிய ஸ்காட்லாந்து நாட்டுக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் கிளார்க் பற்றியே இவ்வறிக்கையில் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மிடம் வரும் பையன்களில் பெரும்பாலோர் முன்னால் நின்று கோல் அடிக்கும் ஃபார்வர்டு ஆடத்தான் ஆசைப்படுகிறார்கள். பின்னால் நின்று கோலைத் தடுக்கும் பேக் ஆகச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அவர்களுக்காகவே இவரைத் தேர்ந்தெடுத்தோம்.

1963இல் ஸ்காட்லாந்தின் சால்ட்கோட்ஸில் பிறந்த கிளார்க், அந்நாட்டு செயின்ட் மிரன் அணியில் ஆடத் தொடங்கியபோது மருந்து ஆலை ஒன்றில் தொழிற்பயிற்சியும் பெற்றுவந்தார். 1987இல் லண்டனின் செல்சி அணிக்குப் போய், ரைட் பேக்காக 421 ஆட்டங்கள் ஆடினார். அங்கே அவருடைய கடைசி ஆட்டம், 1998இல் ஸ்டாக்ஹோமில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியை 1-0 என வென்ற, ஐரோப்பிய கிளப்புகளுக்கான கப் வின்னர்ஸ் கோப்பை இறுதி. கோல் அடித்த ஜோலாவை எல்லோருக்கும் தெரியும். ஒரு கோலும் விடாமல் பின்னால் நின்றவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? நாட்டு அணிக்கு அவர் ஆடியது 6 ஆட்டங்களே.

பிறகு செல்சியின் பயிற்சியாளர் மொரீன்யோவுக்கு உதவியாளர். 2004-05 லீக்கில் செல்சி 38 ஆட்டங்களில் விட்டது 15 கோல்கள்தான். பின்னர் பயிற்சியாளராக, இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம் அணியை லீக்கில் 8ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார்; ஆனால் அடுத்த பருவத்தின் நடுவிலேயே வேலை போனது. என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான திறமை தெரிந்தது ஸ்காட்லாந்தின் கில்மார்னக் அணியில்தான். 2017 அக்டோபரில் அவர் பொறுப்பேற்றபோது அந்த அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அந்தப் பருவத்தை 5ஆம் இடத்தில் முடித்தார். அடுத்த பருவத்தில் 3ஆம் இடம். பெரும் பணம் இல்லாத கிளப் அது. ஆட்டக்காரர்களை அவரவர் இடத்தில் நிற்கவைத்தே இதைச் சாதித்தார்.

2019இல் ஸ்காட்லாந்து அணி அவர் கைக்கு வந்தது. 1998க்குப் பின் பெரிய போட்டி எதையும் காணாத அணியை ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோவுக்கு 2020, 2024 என இரண்டு முறை கொண்டுபோனார். இரண்டிலும் முதல் சுற்றோடு, ஒரே ஒரு புள்ளியோடு திரும்பினார்கள் என்பதையும் மறைக்காமல் பேசினோம்.

கடந்த நவம்பர் 18ஆம் தேதி கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் டென்மார்க்குடன் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை ஒரு கூட்டம் முழுக்க அலசினோம். டென்மார்க்குக்கு டிரா போதும். ஸ்காட்லாந்துக்கு வெற்றி வேண்டும். 2-2 என நின்ற ஆட்டத்தில், 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தில் கீரன் டியர்னி பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்து 3-2 ஆக்கினார். அவர் லெஃப்ட் பேக். பிறகு கென்னி மெக்லீன் நடுக்கோட்டருகிலிருந்து அடித்த பந்து காலியான வலைக்குள் போனது. 4-2. 28 ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்துக்கு உலகக் கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது.

வரும் ஆண்டு முதல் பேக், ஸ்டாப்பர் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்), கோல்கீப்பர் ஆடும் பையன்களுக்கு ஞாயிறு காலையில் தனிப் பயிற்சி நடத்தவும், ஆண்டு விழாவில் சிறந்த பேக்குக்குத் தனிப் பரிசு வழங்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அதையும் சேர்த்து இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்