ஸ்கூலை மூடுற கணக்குல விட்டுப்போன வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அரசுப் பள்ளிகளை மூடி பக்கத்து ஸ்கூலோட சேர்க்கிறதைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். பிள்ளைங்க குறைஞ்சுட்டாங்க, தலைக்கு ஆகுற செலவு ஏறிடுச்சு, சேர்த்துட்டா மிச்சம்னு அழகா கணக்கு போட்டிருந்தாங்க. கணக்கு தப்புன்னு நான் சொல்லல, பாதியில நிறுத்திட்டாங்கன்னுதான் சொல்றேன், ஏன்னா ஸ்கூல் கேட்டுக்கு வெளியில அந்த ஏரியா ஆளுங்க தலையில விழுற செலவு அதுல எங்கயும் இல்ல.

அமெரிக்காவுல சிகாகோவை எடுத்துக்கோங்க. 2013 மே மாசம் அந்த ஊர் பள்ளி வாரியம் ஒரே கூட்டத்துல கிட்டத்தட்ட 50 ஸ்கூலை மூடுறதா முடிவு பண்ணாங்க, சுமார் 12,000 பிள்ளைங்க இடம் மாற வேண்டியதாச்சு, அதுல பெரும்பாலானவங்க கறுப்பின வீட்டுப் பிள்ளைங்க. சொன்ன காரணம், 100 கோடி டாலர் பட்ஜெட் பற்றாக்குறை, அப்புறம் பில்டிங்ல பாதி காலியா கிடக்குதுன்னு. அந்த 'காலி'யை எப்படி அளந்தாங்கன்னா கிளாஸுக்கு 30 பேர்னு ஒரு அளவுகோல், அதுக்குக் கம்மின்னா இடம் வீண். ஸ்பெஷல் கவனிப்பு தேவைப்படுற பிள்ளைங்களுக்குன்னு வேணும்னே சின்ன கிளாஸா வச்சிருந்தாலும் அந்தக் கணக்குல அதுவும் வீண்தான்!

சரி மூடியாச்சு, அப்புறம் என்ன ஆச்சு? புது ஸ்கூலுக்குப் போற வழியில பிள்ளைங்க ரவுடி கும்பல்களோட எல்லையைத் தாண்டிப் போகணும்கிற பயம், அதனால பளிச்சுன்னு தெரியிற மேல்சட்டை போட்ட ஆளுங்களைக் காலையிலயும் சாயந்திரமும் தெருமுனைல நிறுத்துற திட்டத்தைப் பெருசாக்க வேண்டியதாச்சு. அதுக்கு யார் காசு? 2011ல பியூங்கிற அமெரிக்க ஆய்வு அமைப்பு, ஸ்கூல் மூடின 6 அமெரிக்க நகரங்களைப் பார்த்துட்டு சொன்னது, ஒரு ஸ்கூலை மூடினா வருஷத்துக்கு மிச்சமாகுறது 10 லட்சம் டாலருக்கும் கம்மி, அந்த பில்டிங்கை விக்கிறதும் லேசுல நடக்கலன்னு. இதெல்லாம் கட்டுரையில வந்திருக்கணும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், சிகாகோவுல மாறின பிள்ளைங்கள்ல 93 சதவீதம் பேர் பழையதை விட ரேட்டிங் கூடின ஸ்கூலுக்குத்தான் போனாங்க. ஆனா 2018ல சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தப்போ, மூடப்போறோம்னு அறிவிச்ச அந்த வருஷமே பிள்ளைங்களோட மார்க் இறங்கியிருக்கு, கணக்குப் பாடத்துல அந்தச் சரிவு வருஷக்கணக்கா நின்னிருக்கு. இன்னும் கதவுகூட சாத்தல பாருங்க, அதுக்குள்ள பாதிப்பு. இது ஏன்னு ஸ்கூல் பக்கம் இருக்கறவங்களுக்குப் புரியும். 'இதையும் மூடப்போறாங்களாம்'னு ஒரு பேச்சு கிளம்பினாப் போதும், வசதி இருக்கறவங்க உடனே டிசி வாங்கிடுவாங்க, நல்ல டீச்சருங்க டிரான்ஸ்ஃபர் கேப்பாங்க, அடுத்த வருஷம் அட்மிஷன் இன்னும் விழும், அப்போ அதிகாரிங்க வந்து பார்த்தீங்களா எண்ணிக்கை குறைஞ்சுடுச்சுன்னு அதையே காரணமா காட்டுவாங்க. வதந்தியே பாதி மூடிடுது.

ஏரியாவுக்கு ஆகுறது இதோட முடியல. காசு குடுக்காம யாரும் உள்ள போய் உக்காரக்கூடிய இடம் ஒரு ஏரியாவுல எத்தனை இருக்கு? ஸ்கூல் அப்படி ஒண்ணு, ஓட்டு போடுறது அங்க, வெள்ளம் புயல்னா தங்குறது அங்க, சாயந்திரம் பசங்க விளையாடுறது அந்த கிரவுண்டுல. ஸ்கூல் விடுற நேரத்துக்கு கேட்டுல நிக்கிற அம்மா அப்பா தாத்தா பாட்டிங்கதான் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருக்கறாங்க, எந்த வீட்ல உடம்பு சரியில்ல எந்தப் பையன் ரெண்டு நாளா வரலன்னு அங்கதான் தெரியும். மூடிட்டா முதல்ல கிளம்புறது சின்னப் பிள்ளைங்க இருக்கற குடும்பம், புதுசா குடிவர்றவங்களும் பக்கத்துல ஸ்கூல் இருக்கான்னுதான் முதல்ல கேக்குறாங்க, கடைசியில மிஞ்சுறது போக வழியில்லாதவங்க. பிள்ளையைப் புது ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றதுக்காகவே வேலையை விட்ட அம்மாவோட சம்பளத்தை எந்த பட்ஜெட்ல எழுதுவாங்க?

பிள்ளைங்க நிஜமாவே இல்லாம போற ஊரும் இருக்கு, மறுக்கல. ஜப்பான்ல பிறப்பு குறைஞ்சு வருஷத்துக்கு நூத்துக்கணக்குல ஸ்கூல் மூடுறாங்க, ஆனா அந்த பில்டிங்குக்கு ஆள் தேடிக் குடுக்கறதுக்குன்னே கல்வி அமைச்சகம் 2010லேயே ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. முரோட்டோங்கிற ஊர்ல ஒரு பழைய தொடக்கப் பள்ளி 2018ல மீன் காட்சியகமா மாறிடுச்சு, பிள்ளைங்க நீந்தின குளத்துல இப்போ ஆமையும் சுறாவும் நீந்துது. நம்ம பேசுற 'சேர்த்தல்' திட்டங்கள்ல பூட்டு போட்ட மறுநாள் அந்த பில்டிங் என்ன ஆகும்னு ஒரு பாரா கூட இருக்கறதில்ல, ஜன்னல் உடைஞ்சு புதர் மண்டின அப்புறம்தான் பேச்சே வருது.

இன்னொண்ணு, ஜனங்களைக் கேக்கறது எப்போன்னா எல்லாம் முடிவான பிறகு. சிகாகோவுலயே டையெட்னு ஒரு உயர்நிலைப் பள்ளியை 2015ல மூடினப்போ அந்த ஏரியாக்காரங்க 34 நாள் உண்ணாவிரதம் இருந்தாங்க, அடுத்த வருஷமே அது திரும்பத் திறந்துச்சு. பட்டினி கிடந்தாத்தான் காதுல விழும்னா கருத்துக் கேட்புக் கூட்டம் எதுக்கு, அந்த மைக் செட் வாடகையாவது மிச்சமாகட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்