பனி உண்டோ என்று கேட்ட பிள்ளைக்கும், மற்ற எல்லோருக்கும்

நேற்று ராத்திரியோடு எங்கள் 21 நாள் நிப்பா தனிமை முடிந்தது. முடிந்ததும் அம்மா செய்த முதல் காரியம், வாசல் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு நடையிலேயே பாயை விரித்துப் படுத்தது. கொசு வரும் என்றேன். வந்தா வரட்டும், மூணு வாரமா அது ஒண்ணுதான் நம்ம வீட்டுக்கு வந்து போயிக்கிட்டு இருந்துச்சு என்றாள்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கோழிக்கோட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், ஊரில் இருப்பவர்கள் டிவியில் பார்த்துவிட்டீர்கள். வீங்கிய காலைக் காட்ட அம்மாவை அழைத்துக்கொண்டு போன இடமும் நேரமும், நோயாளிகள் போய்வந்த இடங்களைச் சொல்லும் ரூட் மேப்பில் வந்த ஒரு வரியோடு அப்படியே பொருந்திப்போயின, அவ்வளவுதான். அம்மா ஹை ரிஸ்க், கூட நின்ற நான் லோ ரிஸ்க், இருவருக்கும் இருப்பது குன்னமங்கலம் பக்கம் ஒரே ஒரு வாடகை வீடு. பட்டியலில் பேர் வந்தபோது 4 நாள் ஏற்கெனவே கழிந்திருந்தது, அதனால் மிச்சம் 17 நாள். வலியங்காடியில் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆனால் முதலில் ஒருவர். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் அழைப்பார். அம்மாவின் பேர் தனியாகப் பட்டியலில் இருந்ததால் அம்மாவின் பட்டன் போனுக்கே அழைப்பு வரும். அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து வந்தே ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறேன். முதல் நாள் அழைப்பில் அந்தப் பெண் கேட்டது: "அம்மே, பனி உண்டோ?"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இது எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். மழை விட்ட மறுநாள் விடியலில் வயல் மேல் வெள்ளையாகப் படர்ந்து நிற்கும். அம்மா சொன்ன பதில் சுவர் தாண்டி எனக்கே கேட்டது: "இருக்கு தாயி. விடியக்காலம் நல்லா இருந்துச்சு. இப்ப வெயில் ஏறவும் கலைஞ்சு போச்சு."

அடுத்த பத்து நிமிஷத்தில் என் போனுக்கு ஒரு டாக்டர், அவர் பேசி முடிப்பதற்குள் எங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி, அப்புறம் ஆம்புலன்ஸ்காரர் வழி கேட்டு. விடியலில் காய்ச்சல், வெயில் ஏறியதும் இறங்கிவிட்டது என்று ஹை ரிஸ்க் பட்டியலில் இருக்கும் 68 வயது அம்மா வாயாலேயே சொன்னால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நான் விளக்கிச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு டாக்டர் சிரித்தார். அந்த வாரத்தில் அந்த அறையில் யாராவது சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். அம்மாவின் அழைப்பை என் நம்பருக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, நானே அதைத்தான் சொன்னேன். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மயோடு தன்னே சோதிக்கணம்" என்றார், அம்மாவிடமேதான் கேட்க வேண்டும் என்று. மகன் சொல்லும் பதில் மகனின் பயத்தைச் சுமந்துகொண்டு வரும் என்று பின்னால் ஒரு நாள் காரணமும் சொன்னார். மறுநாள் பதினோரு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. "அம்மே, சாப்ட்டோ? காச்சல் உண்டோ? தலவலி? இருமல்?" ஒரு தாளில் மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கிறார் என்று கேட்கும்போதே தெரிந்தது. மலையாளத்தில் இருமலுக்குச் சொல்வது சும, அதைக் கேட்டிருந்தால் அம்மா தன் சுமைகளை எல்லாம் ஒரு மணி நேரம் இறக்கி வைத்திருப்பாள், தப்பித்தார். மூச்சுத் திணறல் மட்டும் அவருக்கு நாக்கில் நிற்கவில்லை. அம்மா திருத்தினாள். மூன்று முறை சொல்ல வைத்தாள். ஒரு கொடும் நோயின் அறிகுறியை இருவரும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்ததை நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு நாள் என் அழைப்பு முடியும்போது அவரிடம் கேட்டேன், தினமும் இதையே கேட்டு என்ன ஆகப்போகிறது என்று. எரிச்சலில்தான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நிப்பாவுக்குத் தடுப்பூசி கிடையாது, இதற்கென்று உறுதிப்பட்ட மருந்தும் கிடையாது. ஆனால் கொரோனா மாதிரி அறிகுறியே இல்லாமல் ஊரெல்லாம் பரவும் கிருமி இல்லை இது, காய்ச்சல் கண்டு, இருமல் வந்து, ஆள் மோசமாகும்போதுதான் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் தொற்றும். பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் தெரிந்துவிடும், 21 என்பது கொஞ்சம் கைகாவலாக வைத்த கணக்கு. ஆகவே முதல் நாள் காய்ச்சலிலேயே ஆளைத் தனியாக்கிவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அந்த முதல் நாளைப் பிடிக்க இந்தக் கேள்வியை விட்டால் எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை, அதற்கு நீங்கள் சொல்லும் பதில் உண்மையாக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம் என்றார்.

அதுதான் கஷ்டம். 12வது நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நிஜக் காய்ச்சல். என்னிடம் சொல்லவில்லை. தெர்மாமீட்டரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், போனால் முகம் பார்க்க முடியாது, இவன் வேலை போய்விடும், தெருவே நம்மை ஒரு மாதிரி பார்க்கும். இவ்வளவும் அவள் மனதில் ஓடியிருக்கிறது. ஓடாமல் என்ன செய்யும்? முதல் வாரமே எங்கள் கதவு நம்பரை யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பால்காரர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்து, எல்லாம் சரியானாலும் தீபாவளி வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க என்று சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. சாப்பிட்டீங்களா என்ற கேள்விக்கு அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "தாயி, இன்னைக்கு உங்க ஊர்ப் பனி இருக்கு" என்றாள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்தப் பெண் பதறவில்லை. எப்போதிருந்து, எவ்வளவு, தலைவலி உண்டா, மூச்சுத் திணறல் உண்டா (அன்றைக்கு அந்த வார்த்தை சுத்தமாக வந்தது) என்று எல்லாம் கேட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும், சைரன் போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். நாங்கள் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. வண்டி சத்தமில்லாமல் வந்து பின்பக்கம் வயல் ஓரமாக நின்றது. முழு உடை போட்ட இருவர் வந்தார்கள், அதில் ஒருவர் அம்மாவின் செருப்பைக் குனிந்து நேராக்கி வைத்தார். மெடிக்கல் காலேஜ் தனி வார்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை. தொண்டையில், ரத்தத்தில், சிறுநீரில் மாதிரி எடுத்தார்கள். அன்று ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பெண் தன் சொந்த போனிலிருந்து அம்மாவை அழைத்திருக்கிறார். டியூட்டி எப்போதோ முடிந்திருக்கும். அம்மா ஸ்பீக்கரில் போட, அந்தப் பக்கம் நர்ஸ் மலையாளத்தில் சொல்ல, இவர் தன் தாளை வைத்துக்கொண்டு பாதித் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல, இப்படி அரை மணி நேரம். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். கடலை போட்ட புஞ்சை பத்திச் சொன்னேன், பாதி புரிஞ்சிருக்கும் என்றாள் அம்மா. மறுநாள் சாயங்காலம் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். சாதாரணக் காய்ச்சல், இரண்டு நாளில் இறங்கிவிட்டது.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். தினமும் வாசலில் பையை மாட்டிவிட்டுப் போன ஆஷா சேச்சி, மருந்து வாங்கித் தந்த வார்டு விரைவு உதவிக் குழுப் (ஆர்.ஆர்.டி.) பிள்ளைகள், சம்பளத்தில் ஒரு நாள்கூடப் பிடிக்காத முதலாளி, வாளியில் கயிறு கட்டி நேந்திரங்காய் சிப்ஸும் கட்டன்சாயாவும் இறக்கிய மாடி வீட்டு இத்தா (அக்கா), ஒட்டன்சத்திரத்திலிருந்து லோடு கொண்டுவந்துவிட்டு மண்டியில் என்னைக் காணாமல் போன் போட்டு "அண்ணே, வாளையாறு செக்போஸ்ட்ல என்னையும் காய்ச்சல் பாத்தாங்க, எனக்கு இல்ல, உங்களுக்கு?" என்று கேட்ட லாரித் தம்பி. எல்லோருக்கும் கும்பிடு.

அம்மா முதல் நாளே வாசலில் வேப்பிலை சொருகினாள். இங்கே யாருக்கும் அது புரியாது என்றேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் பெரியம்மை, இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை. உள்ளே போகக் கூடாது, ஆனால் வாசல் வரைக்கும் கூழ் கொண்டுபோய் வைப்பார்களாம், வைத்துவிட்டு ஒரு குரல் கொடுப்பார்களாம். அந்தக் குரல் கேட்காத வீட்டில்தான் ஆள் போகும் என்றாள். அதில் மருத்துவம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். ஆஷா சேச்சி மட்டும் வேப்பிலையைப் பார்த்து, பையை அதற்குக் கீழேயே மாட்டிவிட்டு, "அம்மே" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

இந்த மூன்று வாரமும் லினியை நினைக்காத நாள் இல்லை. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ். 2018 மே மாதம், இது என்ன நோய் என்று யாருக்கும் தெரியாத நாளில் முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர், பிறகு அதே நோயில் போனார். அந்த வருஷம் 17 உயிர் போனது, தொற்றியதில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வார்டிலும்தான் தொற்றியது. அதற்கு முன்னால் 1998-99இல் மலேசியாவில், முதலில் இதைக் கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள், உண்மையில் அது பன்றிப் பண்ணைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 105 பேர் இறந்தார்கள். அங்குள்ள சுங்கை நிப்பா என்ற ஊரின் பேரைத்தான் இந்தக் கிருமி சுமக்கிறது, பாவம் அந்த ஊர். இந்த முறை, 2023இல், இங்கே 6 பேருக்கு வந்தது, 2 பேரை இழந்தோம், வென்டிலேட்டரில் கிடந்த ஒன்பது வயதுப் பையன் உட்பட 4 பேர் பிழைத்து வீடு போனார்கள். அந்தச் செய்தி டிவியில் வந்தபோது மொழி புரியாமலே அம்மா கை தட்டினாள். நடுவில் இத்தனை வருஷம் யார் யாரோ கற்றுக்கொண்டதன் மேல்தான் எங்கள் பதினோரு மணிப் போன் அடித்திருக்கிறது.

நான் ஒன்று செய்திருக்கிறேன். தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இந்த ஊரில் இஸ்திரி போடும், தங்கம் அடிக்கும், மூட்டை தூக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர், அவர்களிடமும் யாராவது பனி உண்டோ என்று கேட்டிருப்பார்கள். அப்புறம், வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவின் கடிபடாத பக்கத்தை நறுக்கித் தின்னும் பழக்கத்தை விட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள், சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம்.

கடைசியாக, அந்தப் பிள்ளைக்கு. ஊரிலிருந்து லாரித் தம்பி வழியாக இரண்டு கிலோ கோவில்பட்டி கடலைமிட்டாய் வரவழைத்தாள் அம்மா. பேர் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் பொட்டலத்தின் மேல் 'பனி கேக்குற பிள்ளைக்கு' என்று அவளே தமிழில் எழுதியிருக்கிறாள். கட்டுப்பாட்டு அறை வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார், இருந்தாலும் சீக்கிரம் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.